ஃபைனல் ஃபேன்டசியை எங்கிருந்து தொடங்குவது? புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் சித்தி மகள், பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு ஃபைனல் ஃபேன்டசி என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடரை விளையாடத் தொடங்கினாள். யாரிடமும் கேட்கவில்லை. முதல் பாகத்தைக் காசு கொடுத்து வாங்கி போனில் இறக்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அண்ணா, சதுப்புக் குகையில் நான்கு பேரும் செத்துவிட்டார்கள். மொத்தம் பதினாறு பாகம் இருக்கிறதாமே? இதிலேயே சிக்கிக்கொண்டால் மற்றதையெல்லாம் எப்போது முடிப்பது?" என்று கேட்டாள்.

அந்தக் குகை எனக்கும் நன்றாகத் தெரியும். விஷம் ஏற்றும் எதிரிகள் அடுத்தடுத்து வருவார்கள். உள்ளே போகும்போது தாராளமாகத் தெரிந்த மருந்து, திரும்பி வரும்போது போதாது. அவளிடம் குறை ஒன்றும் இல்லை. தொடங்கிய இடம் அவளுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அன்று அவளுக்குச் சொன்னதையும், பிறகு அவள் போனில் கேட்டபோதெல்லாம் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எண்ணை மறந்துவிடுங்கள்

முதல் ஃபைனல் ஃபேன்டசி 1987 டிசம்பர் 18 அன்று ஜப்பானில், நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக வெளிவந்தது. உருவாக்கியது ஸ்கொயர் நிறுவனம். தலைமை தாங்கியவர் ஹிரோனோபு சகாகுச்சி. 16-ஆம் பாகம் 2023 ஜூன் மாதம் வந்தது. இடையில் முப்பத்தைந்தரை ஆண்டுகள். இத்தனை பாகங்களும் ஒரே கதையின் தொடர்ச்சி என்று நினைத்துத்தான் பலர் மலைத்துப்போகிறார்கள்.

அப்படி இல்லை. எண் மாறினால் உலகமே மாறிவிடும். 6-ஆம் பாகத்தில் வரும் மனிதர்கள் யாரும் 7-இல் இல்லை. 7-இல் உள்ள நகரம் 8-இல் இல்லை. நம் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. குழு ஒன்றுதான், ஆனால் இன்று ஒரு கதை, நாளை வேறு கதை. மத்தளம் அதே மத்தளம். எந்தக் கதையானாலும் கட்டியங்காரன் வந்துவிடுவான். இங்கேயும் சோகோபோ என்ற சவாரிப் பறவை வரும். சிட் என்ற பெயரில் ஒருவர் ஏறக்குறைய எல்லாப் பாகத்திலும் தென்படுவார். விழுந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் இறகு கடையில் கிடைக்கும். நேற்றைய கூத்தைப் பார்க்காததால் இன்றைய கூத்து புரியாமல் போவதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. 10-2 என்பது 10-இன் நேரடித் தொடர்ச்சி. 13-2, லைட்னிங் ரிட்டர்ன்ஸ் இரண்டும் 13-இன் தொடர்ச்சி. 7-ஐச் சுற்றி ஒரு குடும்பமே இருக்கிறது. அதற்குத் தனியாக வருகிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணோ பெயரோ ஒட்டியிருந்தால், முந்தையதை முடிக்காமல் வாங்க வேண்டாம்.

இரண்டாம் படி: வீட்டில் என்ன கருவி இருக்கிறது?

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், இருப்பதைப் பாருங்கள். ஸ்மார்ட்போன் மட்டும் இருந்தாலும் இந்தத் தொடரின் பாதி உங்களுக்குத் திறந்திருக்கிறது. முதல் ஆறு பாகங்களும் 2021-க்கும் 2022-க்கும் இடையே 'பிக்சல் ரீமாஸ்டர்' என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டு போனுக்கும் கணினிக்கும் வந்தன. 7, 8, 9 ஆகியவையும் போனில் கிடைக்கின்றன. இவற்றை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். நடுவில் விளம்பரம் வராது.

லேப்டாப் இருந்தால் 10-ஆம் பாகத்தின் ஹெச்டி ரீமாஸ்டரும் உண்டு. 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்காக எழுதப்பட்டது என்பதால், கல்லூரிப் படிப்புக்கு வாங்கிய சாதாரண லேப்டாப்பிலேயே பெரும்பாலும் ஓடிவிடும். கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்து, வாங்கிப் பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கேட்டால் பணம் திரும்ப வரும். 16-ஆம் பாகத்துக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியோ பிளேஸ்டேஷன் 5 போன்ற புதிய கருவியோ வேண்டும்.

பர்மா பஜார் பக்கம் பழைய கருவி வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். கடையிலேயே டிவியில் மாட்டி, டிஸ்க் போட்டு, கால் மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். பின்பக்கத்து இணைப்புத் துளைகளைப் போன் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். கடலுக்குப் பக்கத்தில் சில ஆண்டுகள் புழங்கிய கருவி என்றால் உப்புக் காற்று அங்கேதான் முதலில் வேலையைக் காட்டியிருக்கும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: நீங்கள் கேரம் ஆளா, குத்துச்சண்டை ஆளா?

வடசென்னையில் இரண்டுக்கும் ஆள் உண்டு, இரண்டுக்கும் மரியாதை உண்டு. இந்தத் தொடரின் சண்டை முறைகளும் அப்படித்தான் பிரிகின்றன.

கேரம் பலகையில் உங்கள் முறை வரும்வரை யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். காய் எங்கே நிற்கிறது, ரெட்டை இப்போது போடுவதா பிறகு போடுவதா, எதிராளிக்கு என்ன மிச்சம் வைக்கிறோம் என்று யோசித்த பிறகே ஸ்ட்ரைக்கரில் விரல் வைக்கிறோம். முதல் மூன்று பாகங்களும் 10-ஆம் பாகமும் இதே வகை. நீங்கள் எழுந்துபோய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் எதிரி அப்படியே நின்றுகொண்டிருப்பான்.

4 முதல் 9 வரை உள்ளவையும் கேரம்தான், ஆனால் பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை நிரம்பும். நிரம்பியதும் அவர் செயல்படலாம். நீங்கள் தயங்கினால் எதிராளியின் பட்டை நிரம்பிவிடும். 1991-இல் வந்த 4-ஆம் பாகத்தில் அறிமுகமான முறை இது. பயப்பட வேண்டாம். அமைப்புகளில் 'வெயிட்' என்ற தேர்வு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டால், மந்திரமோ மருந்தோ தேடும் நேரத்தில் கடிகாரம் நின்றுவிடும். தொடங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

15, 16 இரண்டும் குத்துச்சண்டை. கண்ணும் கையும் ஒன்றாக ஓட வேண்டும். விலகுவதும் அடிப்பதும் நொடிக் கணக்கு. 12 ஒரு தனி இனம். 'இவர் உயிர் பாதிக்குக் கீழே போனால் மருந்து கொடு' என்பதுபோல நீங்கள் முன்கூட்டியே விதிகளை எழுதிவைக்க, உங்கள் ஆட்கள் அதன்படி தாமே சண்டையிடுவார்கள். கணினி நிரல் எழுதும் நண்பர்கள் அதில் மூழ்கி எழுந்திருக்காமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

போன் மட்டும் இருந்தால்: 6-ஆம் பாகம்

என் தீர்ப்பு இதுதான், இதில் எனக்கு ஊசலாட்டம் இல்லை. 1994-இல் வந்தது. புள்ளி ஓவியங்கள்தான், குரல் கிடையாது. பதினான்கு பேர் உங்கள் குழுவில் சேர்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காயம், ஒரு காரணம். முடிக்க 35 முதல் 40 மணி நேரம் ஆகும்.

இந்தப் பாகம் புதியவருக்கு எப்படிக் கற்றுத்தருகிறது என்பதை ஒரே ஒரு சண்டையை வைத்துக் காட்டுகிறேன். ஆட்டம் பனியில் தொடங்குகிறது. இயந்திரக் கவசங்களில் ஏறிய மூன்று பேர் நார்ஷே என்ற சுரங்க நகருக்குள் நுழைகிறார்கள். சுரங்கத்தின் உள்ளே ஒரு பெரிய நத்தை வழிமறிக்கிறது. சண்டை நடக்கும்போதே கூட இருக்கும் சிப்பாய் எச்சரிக்கிறான்: அந்த ஓடு மின்னலைத் தின்று தேக்கி வைத்திருக்கிறது, ஓட்டை அடிக்காதே. நீங்கள் தலையை அடிக்கிறீர்கள். இரண்டு மூன்று அடிக்குப் பிறகு தலை ஓட்டுக்குள் போய்விடுகிறது. உங்கள் பட்டை நிரம்பியிருக்கிறது, கவசத்தின் கதிர் தயாராக இருக்கிறது, விரல் துறுதுறுக்கிறது. அந்த நேரத்தில் அடித்தால் மின்னல் உங்கள் மேலேயே திரும்பி இறங்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றால், சிறிது நேரத்தில் தலை தானாக வெளியே வரும். அப்போது அடியுங்கள்.

முதல் கால் மணி நேரத்துக்குள், பாடம் நடத்துகிறோம் என்று சொல்லாமலேயே நடத்திய பாடம் இது. எல்லாம் தயாராக இருந்தும் அடிக்காமல் இருப்பது ஒரு தேர்வு. இந்தத் தொடரின் பெரிய எதிரிகள் பலரை இந்தப் பாடத்தை வைத்தே வெல்லலாம்.

இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கோல்ட்ஸ் மலையின் உச்சியில் வர்காஸ் என்ற எதிரியோடு சண்டை நடக்கும்போது சேபின் என்பவன் வந்து சேர்வான். என்ன அடித்தாலும் சண்டை முடியாததுபோல் இருக்கும். சேபினின் 'பிளிட்ஸ்' கட்டளையைத் தேர்ந்தெடுத்து இடது, வலது, இடது என்று அழுத்தி உறுதிசெய்யுங்கள், முடிந்துவிடும். சித்தி மகள் அங்கேதான் ஒரு மணி நேரம் தவித்தாள். மற்றொன்று, கதையின் நடுவில் வானில் மிதக்கும் நிலத்திலிருந்து தப்பும் இடம். திரையில் நேரம் குறைந்துகொண்டே வரும். விளிம்புக்கு வந்ததும், குதிப்பதா காத்திருப்பதா என்று கேட்கும். கடைசி நொடிகள் வரை காத்திருங்கள். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் உங்களுக்குச் சேர வேண்டிய ஒன்றை நான் எடுத்துக்கொண்டதாகிவிடும்.

பிக்சல் ரீமாஸ்டரில் எங்கே வேண்டுமானாலும் விரைவாகச் சேமித்துக்கொள்ளலாம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் இறங்குவதற்குள் ஒரு குகையில் பாதியைப் பார்த்துவிட்டு போனைப் பையில் போடலாம். மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

டிவியோ லேப்டாப்போ இருந்தால்: 10-ஆம் பாகம்

யாராவது என்னிடம், கேள்வியெல்லாம் கேட்காமல் ஒரே ஒரு பெயரைச் சொல் என்றால் நான் சொல்வது இதைத்தான்.

காரணங்களில் முதலாவது, வழி தவறாது. பழைய பாகங்களில் அடுத்து எந்த ஊருக்குப் போவது என்று தெரியாமல் உலகம் முழுவதும் அலைய நேரும். இங்கே கதை ஒரு யாத்திரை; பாதை முன்னே நீள்கிறது, நீங்கள் நடக்கிறீர்கள். பழைய ஆட்டக்காரர்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. புதியவருக்கு இது வரம். இரண்டாவது, முதன்மை வரிசையில் பாத்திரங்கள் குரலோடு பேசியது இதில்தான் முதல்முறை. மூன்றாவதுதான் முக்கியம்: திரையின் வலது மேல் ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அடுத்து யார் முறை, அதற்கடுத்து யார் என்று வரிசையாகக் காட்டும். நீங்கள் ஒரு கட்டளையின் மேல் விரலை வைத்தாலே அந்த வரிசை உங்கள் கண் எதிரில் மாறும். கனமான அடி என்றால் உங்கள் அடுத்த முறை கீழே தள்ளிப்போகும். இலேசான செயல் என்றால் சீக்கிரம் வரும். எதிரி இரண்டுமுறை தொடர்ந்து அடிக்கப்போகிறான் என்று முன்பே தெரிவதால், இப்போது அடிப்பதா, மருந்து கொடுப்பதா என்பதை ஊகிக்காமல் கணக்குப் போட்டே முடிவெடுக்கலாம்.

ஏழு பேரில் மூன்று பேர் களத்தில் நிற்பார்கள். சண்டை நடக்கும்போதே ஆளை மாற்றலாம். பறப்பவை என்றால் பந்து எறியும் வாக்கா, கெட்டி ஓடு உள்ளவை என்றால் வாள் ஏந்திய ஆரோன், வழவழப்பான கூழ் உருண்டைகள் என்றால் மந்திரம் அறிந்த லூலு. ஒரு விஷயத்தை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: சண்டையில் ஒருமுறையாவது செயல்பட்டவருக்கே வளர்ச்சிப் புள்ளி கிடைக்கும். எனவே ஒவ்வொருவரையும் உள்ளே கொண்டுவந்து ஒரு வேலை செய்யவிட்டு வெளியே அனுப்புங்கள். மூன்று பேரையே வளர்த்துவிட்டு, பின்னால் நான்கு பேர் பயனில்லாமல் நிற்பதுதான் பலர் பாதியில் நிறுத்துவதற்குக் காரணம்.

தொடக்கத்தில், ஆட்களின் திறனைக் கூட்டும் கட்டப் பலகை (ஸ்ஃபியர் கிரிட்) எந்த வகை வேண்டும் என்று கேட்கும், 'ஸ்டாண்டர்ட்' போதும். லூக்கா நகரில் நீருக்கடியில் ஆடும் பந்தாட்டப் போட்டி ஒன்று வரும். தோற்றாலும் கதை நிற்காது, வருந்த வேண்டாம். ஒவ்வொரு கோயிலின் புதிர் அறையிலும் 'அழிவுக் கோளம்' ஒன்றைப் பயன்படுத்தித் திறக்கும் பரிசு இருக்கிறது. அதை முதல் வருகையிலேயே எடுத்துவிடுங்கள். ஹெச்டி பதிப்பில், பின்னால் திரும்பி வரும்போது சில கோயில்களின் வழியை மிகக் கொடிய எதிரிகள் மறித்து நிற்பார்கள். இருநூறு மின்னல்களைத் தொடர்ந்து தப்பிக்க வேண்டும் என்று ஒரு சவால் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

ஆல்பெட் என்ற இனத்தார் பேசும் மொழி ஒன்று வருகிறது. முதலில் ஒரு சொல் புரியாது. நாம் சின்ன வயதில் பெரியவர்களுக்குப் புரியக்கூடாது என்று எழுத்துக்கு எழுத்து 'க' சேர்த்துப் பேசுவோமே, அதற்கு அண்ணன் தம்பி உறவு. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் வேறொரு எழுத்து. வழியில் 26 பாடப் புத்தகங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் எழுத்தைத் தெளிவாக்கும்.

கதையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு காட்சியைச் சொல்லாமல் என்னால் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. இந்த உலகத்தில் 'சின்' என்றொரு பேருருவம் கடலிலிருந்து வந்து ஊர்களை அழிக்கிறது. தொடங்கிச் சில மணி நேரத்திலேயே கிலிகா என்ற ஊருக்குப் போகிறோம். தண்ணீரின் மேல் மரக்கால் ஊன்றிக் கட்டிய வீடுகள். அலை வந்து எல்லாவற்றையும் அள்ளிப்போகிறது. அன்று மாலை இறந்தவர்களை வழியனுப்ப யூனா என்ற பெண் தண்ணீரின் மேல் வெறுங்காலில் நடந்துபோய் ஆடுகிறாள். கரையில் நிற்பவர்கள் அழுகிறார்கள். நான் இதை முதன்முதலில் பார்த்தது 2005-இல், ராயபுரத்தில், மணிக்கணக்கில் காசு வாங்கும் ஒரு கடையில். 2004 டிசம்பர் 26 முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காசிமேட்டிலிருந்து வந்திருந்த பையன்கள் இருவர் பக்கத்து டிவியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்திவிட்டு என் திரையைப் பார்த்தார்கள். மூவருமே ஒன்றும் பேசவில்லை. 2001-இல் எங்கோ ஜப்பானில் எழுதிய ஒரு கதை எங்கள் கரைக்கு வந்து சேர்ந்த நாள் அது. அதனால்தான் இந்தப் பாகத்தைப் பரிந்துரைக்கும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

எல்லோரும் கேட்கும் 7

1997 ஜனவரி 31 அன்று பிளேஸ்டேஷனுக்காக மூன்று டிஸ்குகளில் வந்தது. மிட்கார் என்ற நகரத்தில் மேல்தட்டில் வசதியானவர்கள், கீழே வெளிச்சம் படாத குடிசைகள். நடுவில் பூமியின் உயிரை உறிஞ்சி மின்சாரம் ஆக்கும் உலைகள். எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த முதல் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குழப்பம் எங்கே என்றால், 2020-இல் வந்த 'ரீமேக்', 2024-இல் வந்த 'ரீபர்த்' ஆகிய இரண்டையும் பழையதன் புதுப்பதிப்பு என்று நினைத்துப் பலர் அவற்றிலிருந்து தொடங்குகிறார்கள். ரீமேக் என்பது பழைய ஆட்டத்தின் தொடக்கமான மிட்கார் பகுதியை மட்டும் ஒரு முழு ஆட்டமாக விரித்தது. அதோடு, பழைய கதையை அறிந்தவர்களுக்கென்றே சில காட்சிகளைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். மூலத்தை அறியாமல் பார்த்தால் அந்தத் திருப்பங்கள் வெறும் குழப்பமாகவே படும். எனவே முதலில் 1997-இன் மூலம், பிறகு ரீமேக், பிறகு ரீபர்த். மூலத்தில் மனிதர்கள் கட்டம்கட்டமாக, கை உருண்டையாக இருப்பார்கள். இரண்டு மணி நேரத்தில் கண் பழகிவிடும்.

9-ஆம் பாகத்துக்கு ஒரு வார்த்தை

மேலே சொன்னவை எல்லாம் கனமாகத் தெரிந்தால் 2000-இல் வந்த 9 இருக்கிறது. கூர்த்தொப்பி போட்ட விவி என்ற சிறுவன் நாடகம் பார்க்க டிக்கெட்டோடு ஊருக்குள் வருகிறான்; அது போலி டிக்கெட் என்று வாசலில் தெரிகிறது. அவன் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு யாரும் அந்த ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். சண்டைகள் கொஞ்சம் மந்தமாக நகரும், பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுச் சிறுவர்களோடு உட்கார்ந்து ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமான பாகம் இல்லை.

இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்

2-ஆம் பாகத்தில் ஆளின் மொத்த வளர்ச்சியைக் காட்டும் லெவல் கிடையாது. வாளைப் பயன்படுத்தினால் வாள் திறன் கூடும், அடி வாங்கினால் உயிர் கூடும். சுவையான யோசனை, ஆனால் தொடக்கத்துக்கு ஏற்றதல்ல. 8-இல் நீங்கள் வளர வளர எதிரிகளும் வளர்வார்கள். தொடரின் இயல்பான விதிகள் தெரிந்த பிறகே அதன் மாற்றம் ருசிக்கும். 13 பல மணி நேரம் குறுகிய நடைபாதையிலேயே கொண்டுபோகும். 15-இன் கதையில் ஒரு பகுதி தனித் திரைப்படத்தில் இருக்கிறது. 16 பெரியவர்களுக்கு மட்டும். குத்துச்சண்டை ஆட்கள் அதிலிருந்து தொடங்குவதில் எனக்கு எதிர்ப்பில்லை, ஆனால் தொடரின் மற்ற பாகங்களும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

11, 14 இரண்டும் இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடுபவை. 14-ஐ 70-ஆம் லெவல் வரை இலவசமாகவே ஆடிப் பார்க்கலாம். அருமையான ஆட்டம்தான். ஆனால் அது மாதக்கணக்கில் ஆளை விழுங்கும்; தேர்வு நேரத்தில் தொட வேண்டாம்.

ஆங்கிலத்தைப் பற்றி

இந்த ஆட்டங்கள் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் படித்துத்தான் ஆட வேண்டும். தயக்கம் இருந்தால் அதற்காகவே 6-ஐத் தேர்ந்தெடுக்கலாம். குரல் இல்லாததால் யாரும் உங்களை முந்திக்கொண்டு ஓட மாட்டார்கள். நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை வரி திரையில் நிற்கும். சித்தி மகள் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டாள். இடது பக்கம் புரியாத சொல், வலது பக்கம் பொருள். முதல் வாரம் நான்கு பக்கம் நிறைந்தது. மூன்றாம் வாரம் நோட்டைத் தேடவே இல்லை.

முதல் பத்து மணி நேரம்

எந்தப் பாகமானாலும் பத்து மணி நேரம் கொடுங்கள். இந்த ஆட்டங்கள் மெதுவாகச் சூடேறுபவை.

சேமிப்பதற்கு எப்போதும் மூன்று இடங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். நான் சொன்ன அந்த ராயபுரக் கடையில், கடையின் மெமரி கார்டில்தான் என் ஆட்டம் இருந்தது. முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. பள்ளி முடிந்து, டியூஷன் காசில் மிச்சம் பிடித்துச் சேர்த்த முப்பது மணி நேரம். ஒரு சனிக்கிழமை போய்க் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால், என் இடத்தில் வேறு யாரோ புதிதாகத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் சேமித்திருந்தார்கள். அன்று வீடு வரை நடந்தே வந்தேன். பிறகு சொந்தமாக ஒரு கார்டு வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இன்று போனிலும் கணினியிலும் ஆபத்து வேறு வகை: முடியாத சண்டைக்கு முன்னால், திரும்பிப் போக முடியாத இடத்தில் ஒரே இடத்தில் சேமித்துவிட்டு மாட்டிக்கொள்வது. மூன்று இடம் இருந்தால் அதற்கும் தீர்வு உண்டு.

மருந்தைப் பதுக்காதீர்கள். கடைசிச் சண்டைக்கு ஆகும் என்று எடுத்துவைத்த அரிய மருந்துகள் ஆட்டம் முடியும்போது பையிலேயே இருப்பதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். தோற்கப்போகும் சண்டையில் பயன்படாத மருந்து எதற்கு? பிணங்கள், பேய்கள் போன்ற உயிரற்ற எதிரிகளுக்குக் குணமாக்கும் மந்திரம் காயத்தைத் தரும். ஃபீனிக்ஸ் இறகு சிலரை ஒரே அடியில் சாய்த்துவிடும்.

ஒரே எதிரியிடம் மூன்றுமுறை தோற்றால், வலிமையைக் கூட்டுவதற்கு முன் முறையை மாற்றுங்கள். தீ பலிக்கவில்லையா, பனியைப் பாருங்கள். ஆளை மாற்றுங்கள். அதன் பிறகும் முடியாவிட்டால் வழிகாட்டிக் குறிப்பைத் தேடலாம், அதில் வெட்கம் இல்லை. அந்த ஒரு சண்டைக்கு மட்டும் படித்துவிட்டு மூடிவிடுங்கள். அடுத்த பக்கத்தில் கதை இருக்கிறது.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆடுங்கள். 1 முதல் 9 வரை முழு இசையும் நோபுவோ உயெமட்சு என்ற ஒருவருடையது. 10-இல் அவரோடு இன்னும் இருவர் சேர்ந்தார்கள். போன் ஸ்பீக்கரில் அந்த இசையைக் கேட்பது, நல்ல மீன் குழம்பை ஆறவைத்துச் சாப்பிடுவதுபோல.

முடித்த பிறகு

6-ஐ முடித்தவர்கள் 10-க்கோ 9-க்கோ போகலாம். 10-ஐ முடித்த சூட்டோடு 10-2-க்குள் குதிக்க வேண்டாம். அதன் மனநிலையே வேறு, 10-இன் முடிவு உங்களுக்குள் கொஞ்ச நாள் இருக்கட்டும். பிறகு 7-இன் மூலம். விதி எழுதும் ஆசை இருந்தால் 12. ஒரு மாவீரன் தன் குற்றத்தைச் சுமந்துகொண்டு நடக்கும் கதை வேண்டுமென்றால் 4. இருபதுக்கும் மேற்பட்ட தொழில்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க ஆசையென்றால் 5.

மூன்று நான்கு பாகங்கள் முடித்த பிறகு 1-ஆம் பாகத்துக்கு வாருங்கள். ராஜாவின் முதல் வேலையை முடித்துக் கொடுத்து, செப்பனிட்ட பாலத்தைக் கடக்கும்போதுதான் ஆட்டத்தின் தலைப்பு இசையோடு வரும். அதுவரை நடந்ததெல்லாம் முன்னுரை. இந்த நீண்ட பயணமும் அந்தப் பாலத்திலிருந்துதான் கிளம்பியது என்று தெரிந்து கடக்கும்போது அந்தச் சின்னப் பாலம் வேறு மாதிரி இருக்கிறது.

சித்தி மகள் 6-ஐ முடித்து, அவள் அண்ணனின் பழைய லேப்டாப்பில் 10-ஐயும் முடித்துவிட்டு, போன மாதம் சதுப்புக் குகைக்குத் திரும்பினாள். விஷமுறிவு மருந்து முப்பது வாங்கிக்கொண்டு போனாளாம். குகையின் அடியில் கிரீடம் கைக்கு வந்ததும் இரவு பத்தரை மணிக்குப் படம் பிடித்து அனுப்பினாள். அந்தக் கிரீடத்துக்காக ஒரு ராஜா காத்திருக்கிறார். அவரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.